பள்ளத்துக்கு அக்கரையில் இரண்டாம் கட்டம்: குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைக்கு வடக்கே, சத்தி சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நம் குடியிருப்பின் இரண்டாம் கட்டத்துக்கு எல்லைக் கல் நட்டாகிவிட்டது. பள்ளத்துக்கு (மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடைக்கு) அக்கரையில், நேற்றுவரை சோளமும் தட்டைப்பயறும் விளைந்த காட்டில் தனி வீடுகளும் ஓர் ஓரத்தில் அடுக்குமாடிக் கட்டடமும் வரப்போவதாகக் கட்டுமான நிறுவனத்தின் விளம்பரம் சொல்கிறது. பலகை வைத்த நாளிலிருந்து நம் குடியிருப்போர் சங்கத்தாரை வழியில் நிறுத்திக் கேள்வி கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், மழைநீர் எந்த வழியாகப் போகும் என்ற இரண்டும் முதல் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன்பே எழுத்தில் முடிவாக வேண்டும். மற்ற குறைகளைப் பிறகும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் தவறவிட்டால் மீட்க முடியாது.

இரண்டாம் கட்டத்துக்கு நம் சம்மதம் தேவையா?

நிலம் வேறு, திட்ட அனுமதி வேறு, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேறு என்றால் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஒவ்வொரு கட்டத்தையும் தனித் திட்டமாகக் கருதித் தனிப் பதிவு கேட்கிறது. அக்கரைக் காட்டை விலை கொடுத்து வாங்கி, உரிய அனுமதியுடன் கட்டுகிறவரைத் தடுக்கும் உரிமை நமக்கு இல்லை. நாமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பருத்திக் காட்டில்தான் குடியேறினோம்.

நம் கட்டத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் கை வைத்தால் நிலைமை வேறு. அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி வரைபடத்தையோ பொது இடங்களையோ மாற்ற வேண்டுமானால், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தன் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் எத்தனை வீடு வாங்கியிருந்தாலும் ஒரு சம்மதம்தான் கணக்கு. நிறுவனத்தின் கையில் விற்காமல் இருக்கும் வீடுகள் கணக்கில் சேராது. கிழக்கு மதிலை உடைத்துப் பாதை விடுவது, பூங்காவின் ஓரத்தை வெட்டி மின்மாற்றி வைப்பது, நம் மேல்நிலைத் தொட்டியிலிருந்து அக்கரைக்குக் குழாய் இழுப்பது என்று எது வந்தாலும் இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எல்லோரும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். "எதிர்காலக் கட்டங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்ற வரி அதில் இருக்கக்கூடும். இருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. இன்ன மாற்றம் என்று குறிப்பாகக் காட்டாமல் வாங்கிய பொதுச் சம்மதம் செல்லுமா என்று கேட்க இடமுண்டு.

நம் கேட் வழியாக அவர்கள் போகலாமா? அடைக்க முடியாதா?

பலருக்குக் கசப்பான பதில் இது. மனைப்பிரிவாக அங்கீகாரம் பெற்ற இடங்களில் உள்சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்படுகின்றன. அப்படிக் கொடுத்த சாலை பொதுச் சாலை. அதில் கேட் போட்டு, காவலாளியை நிறுத்தி, பெயர் எழுதச் சொல்வது நம் வசதிக்கான ஏற்பாடு மட்டுமே, சட்டப்படி யாரையும் மறிக்க முடியாது. அக்கரைவாசிகளை மட்டுமல்ல, ஆடு ஓட்டிப் போகும் ஊர்க்காரரையும் மறிக்க முடியாது.

வளாகம் முழுவதும் ஒரே கட்டடத் தொகுப்பாக அனுமதி பெற்று, சாலைகள் நிறுவனத்திடமோ சங்கத்திடமோ இருந்தால் அது வேறு கதை. நம்முடையது எந்த வகை என்பது அங்கீகார ஆணையையும் தானப் பத்திரத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள், அல்லது பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். பார்க்கும்வரை கேட் பற்றிய வாக்குவாதத்தைத் தள்ளி வைப்பது நல்லது.

கட்டுமான லாரிகள் நம் தெருவில் வரக் கூடாது என்று கேட்பதில் மட்டும் முழு நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் தெருவில் டிப்பர் ஓடக் கூடாது. அக்கரைக்கு வடக்கிலிருந்து தனி வழி இருக்கிறது. வேலை முடியும்வரை அந்த வழியையே பயன்படுத்துவதாக நிறுவனம் எழுதித் தர வேண்டும்.

பூங்காவும் கிளப் ஹவுஸும்?

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கென ஒதுக்கி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. ஆகவே இரண்டாம் கட்டத்துக்கென்று தனிப் பூங்கா இருக்கும், இருக்க வேண்டும். அது பள்ளத்தின் கரையை ஒட்டி அமைந்தால் எல்லோருக்கும் நல்லது.

கிளப் ஹவுஸ் நம் கட்டத்தின் பொதுச் சொத்தாக வரைபடத்தில் இருந்தால், அதை அக்கரைக்கும் சேர்த்து விளம்பரம் செய்ய நம் சம்மதம் வேண்டும். தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை அதே சட்டத்தின் 12ஆவது பிரிவில் உண்டு. வீடு வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவைப்பது அவர்களுக்கும் நாம் செய்யும் நன்மை.

தண்ணீர் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு. நூறு வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் நாளொன்றுக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் நான்கரை லாரி. முந்நூறு வீடுகள் வந்தால் பதின்மூன்று லாரிக்கு மேல், அதுவும் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் தினமும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால் விற்பனையாளர் "போர்வெல் இருக்கிறது, பவானித் தண்ணீர் வருகிறது" என்பார். ஆற்றுத் தண்ணீர் ஊராட்சி வழியாக வருவது. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒதுக்கீடு உண்டு. புதிதாக முந்நூறு வீடு சேர்வதால் அந்த ஒதுக்கீடு தானாகக் கூடிவிடாது. ஊருக்குள் மூன்று நாளைக்கு ஒருமுறை குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்களின் பங்கிலிருந்துதான் நமக்கும் அக்கரைக்கும் வரும். இதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஆழ்துளைக் கிணற்றின் கதை இன்னும் கவலைக்குரியது. நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. ஆற்றுப் படுகையைப் போல மணல் அடுக்கில் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. பாறை வெடிப்புகளில் கசிந்து சேர்ந்ததுதான் வருகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்படும் பகுதிகளாக அரசின் கணக்கெடுப்பில் இருக்கின்றன. ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடும் மோட்டாருக்குக் கோவையும் பேர்பெற்ற நாடு இது. ஆயிரம் அடிக்குப் போவது நமக்குக் கைவந்த கலை. ஆயிரம் அடியில் வெடிப்பு கிடைக்காவிட்டால் எந்த மோட்டாரும் தண்ணீர் தராது.

ஆகவே நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டியவை இவை: எத்தனை ஆழ்துளைக் கிணறுகள், எந்த இடத்தில், நம் கிணறுகளிலிருந்து எவ்வளவு தூரத்தில், ஊராட்சியோ குடிநீர் வாரியமோ தண்ணீர் தருவதாக ஒப்புக்கொண்ட கடிதம் எங்கே, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு யார் தலையில் விழும். வாய்வார்த்தையாகப் பதில் சொன்னால் ஏற்காதீர்கள்.

அவர்கள் கிணறு போட்டு நம் கிணறு வற்றினால் நஷ்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம், நிரூபிப்பதுதான் கடினம். மழை பொய்த்ததால் வற்றியது என்று எதிர்த் தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். இன்றே அளவெடுக்கத் தொடங்கினால் நம் கையில் ஆதாரம் இருக்கும். நம் பொதுக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது, மோட்டார் எத்தனை மணி நேரம் இடைவிடாமல் ஓடுகிறது, தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று வாரம் ஒருமுறை தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். மோட்டார் போடும் அண்ணனுக்கு இது ஐந்து நிமிட வேலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் தங்கள் கிணற்று மட்டத்தையும் சொல்லச் சம்மதித்தால் பதிவு இன்னும் வலுப்பெறும்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால்கூட ஓர் ஏக்கரில் விழுவது 24 லட்சம் லிட்டர். அத்தனையையும் பிடிக்க முடியாது. கால் பங்கு நிலத்துக்குள் இறங்கினாலே பெரிய காரியம். நம் கட்டத்தில் பல வீடுகளின் சேகரிப்புக் குழிகளில் மண் மூடிக் கிடக்கிறது. அவற்றைத் தூர்வாராமல் அக்கரையாரைக் கேள்வி கேட்டால் எடுபடாது.

பள்ளத்தில் தண்ணீரே வருவதில்லையே, அதை மூடினால் என்ன நஷ்டம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆண்டில் பத்து மாதம் பார்த்தால் அது குப்பை கிடக்கும் ஒரு தாழ்ந்த வழி, அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்துப் பள்ளங்கள் எல்லாமே அப்படித்தான். காய்ந்து கிடப்பது அவற்றின் இயல்பு. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மேற்கே இடித்துப் பெய்தால் சில மணி நேரம் ஓடும். அந்தச் சில மணி நேரத்துக்காகவே அவ்வளவு அகலம்.

மழை முடிந்தபின் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கரையில் நிற்கும் ஆவாரஞ்செடிகளிலும் நொச்சியிலும் சருகும் பிளாஸ்டிக் கிழிசலும் ஒரே மட்டத்தில் சிக்கியிருக்கும். சில இடங்களில் முழங்காலுக்கு, வளைவுகளில் இடுப்புக்கு. வெள்ளம் எந்த உயரத்தில் போனது என்பதற்கு அதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடையாது. அந்த மட்டத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிறுவனத்தின் வரைபடத்தில் பள்ளத்தின் குறுக்கே சாலை போகும் இடத்தைப் பாருங்கள். அங்கே போடப்போவதாகச் சொல்வது இரண்டடி விட்டமுள்ள சிமென்ட் குழாய். பதினைந்தடி அகலத்தில் மூன்றடி உயரம் ஓடும் வெள்ளத்துக்கு 45 சதுர அடி வழி வேண்டும். இரண்டடிக் குழாய் தருவது மூன்று சதுர அடிக்குச் சற்று மேல். மீதித் தண்ணீர் சாலையைத் தாண்டும், அல்லது திரும்பித் தாழ்வான பக்கம் வரும். தாழ்வான பக்கம் நம் மூன்றாவது தெரு.

வெள்ள அபாயம் ஒரு பக்கம். இந்தப் பள்ளம் போய்ச் சேரும் இடம் இன்னொரு பக்கம். கீழே ஊர்க் குட்டை, அதன் மறுகால் இன்னொரு குட்டைக்கு, அங்கிருந்து கௌசிகா நதிக்கு. குருடிமலை அடிவாரத்தில் தொடங்கும் கௌசிகா நம் வடக்குக் கிராமங்களைத் தொட்டுக்கொண்டு திருப்பூர் மாவட்டத்துக்குள் போய் நொய்யலில் கலக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் கேட்டுப் பெற்ற அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்களால் மேட்டுக்கு ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்பும் திட்டம் அது. அவ்வளவு பாடுபட்டுக் குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறோம். மழை பெய்தால் செலவில்லாமல் அதே குட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வழியை இங்கே அடைப்பதா? இதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

நாம் கேட்க வேண்டியது பெரிய விஷயமும் அல்ல. குறுக்கே சாலை போகுமிடத்தில் பள்ளத்தின் முழு அகலத்துக்கும் பாலம், பள்ளத்துக்குள் மதில் நீட்டாமை, அடிப்பகுதியில் கான்கிரீட் போடாமல் மண்ணாகவே விடுவது. தண்ணீர் ஓடிக்கொண்டே கீழே இறங்குவதும் அந்த மண் வழியாகத்தான்.

பள்ளம் புறம்போக்கா, பட்டாவா? எப்படித் தெரிந்துகொள்வது?

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் "அ" பதிவேட்டு (கிராம நிலப் பதிவேட்டு) விவரம் கிடைக்கும். அரசு நிலமா என்று சரிபார்க்கவும் அங்கேயே வசதி இருக்கிறது. புல வரைபடத்தில் பள்ளத்தின் அகலமும் எல்லைக் கற்களும் குறித்திருக்கும். கிராம வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது விளங்கும்.

சில பள்ளங்கள் சிறு தூரம் பட்டா நிலத்துக்குள் ஓடும். பட்டா என்பதற்காக இயற்கையான நீர்வழியை அடைத்து மேல்நிலத்தையும் கீழ்நிலத்தையும் கெடுக்க முடியாது. ஐயம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள், அளந்து காட்ட நில அளவருக்கு மனு கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது கூட அழைத்துப் போவது நல்லது. பழைய கல் எங்கே இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் மண் கொட்டி இடத்தை உயர்த்துகிறார்களே?

கிராவல் கொட்டி இரண்டு மூன்றடி உயர்த்திவிட்டுச் சாலை போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உயர்த்தியவர் வீட்டில் தண்ணீர் நிற்காது, பக்கத்து வீட்டில் நிற்கும். முடிவான சாலை மட்டம், நம் சாலை மட்டம், வடிகாலின் சரிவு மூன்றையும் குறித்த மட்ட வரைபடத்தை வேலை தொடங்குமுன் கேளுங்கள். மண் கொட்டியபின் கேட்டுப் பயனில்லை.

இட்டேரி என்ன ஆகும்?

வடக்கு எல்லையில் கிளுவை வேலிக்கு இடையே போகும் இட்டேரியைச் சொல்கிறீர்கள். அது பதிவேட்டில் வண்டிப்பாதை என்று இருந்தால் அரசு நிலம், விலைக்கு வாங்கியவருடைய மதிலுக்குள் போகக் கூடாது. பங்குனி, சித்திரையில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு, பூவோடு (தீச்சட்டி) எடுக்கும்போது தீர்த்தக்குடம் வருகிற வழியும் அதுதான்.

அந்த வேலியையும் எளிதாக நினைக்காதீர்கள். கிளுவையும் பிரண்டையும் பின்னிய அந்தப் புதரில் கௌதாரியும் கீரியும் அரணையும் வாழ்கின்றன. பெயர்த்தெறிந்து சிமென்ட் பலகை வேலி போட ஒரு நாள் போதும். இத்தனை ஆண்டில் வளர்ந்ததை மறுபடி வளர்க்க ஒரு தலைமுறை ஆகும். பாதையும் வேலியும் அப்படியே இருக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. ஊர்க்காரர்களும் இதையே சொல்கிறார்கள்.

கழிவுநீர் எங்கே போகும்?

கொடுத்த தண்ணீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். நூறு வீட்டுக்கு 43,000 லிட்டர். நம் சுத்திகரிப்பு நிலையத்தோடு அக்கரையை இணைக்கப் போகிறார்களா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நம் நிலையம் நம் வீடுகளுக்கென்று கட்டியது. கூடுதலாக வந்தால் தொட்டி நிரம்பி, அரைகுறையாகச் சுத்தமான நீர் பள்ளத்தில் போய் விழும்.

தனி நிலையம் கட்டினாலும் அது ஓடுகிறதா என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுச் செலுத்தும் ப்ளோயரை மின்கட்டணம் மிச்சம் பிடிக்க நிறுத்திவிட்டால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திருப்பிவிட்டால் ஆழ்துளைக் கிணற்றின் பாரமும் குறையும்.

அடுக்குமாடி எத்தனை உயரம் வரும்?

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் வரை சாதாரண உயரக் கட்டடம். அதற்கு மேல் போனால் சாலை அகலம், பக்க இடைவெளி, தீயணைப்பு ஆகியவற்றுக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உயரம் எழுதியிருக்கும். விளம்பரப் படத்தை நம்ப வேண்டாம்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த மாட்டார்களா?

மாட்டார்கள். கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. நம்மை யாரும் தேடி வந்து கேட்கப் போவதில்லை, நாமேதான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். விண்ணப்பமும் அனுமதி நிபந்தனைகளும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் இருக்கும். அனுமதி பெற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை தர வேண்டும். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறோம் என்று அதில் அவர்களே எழுதியிருப்பார்கள்.

ஒரு கட்டத்தை 20,000 சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அடுத்ததையும் அப்படியே செய்தால் அனுமதி தேவையில்லை என்று வாதிடுவது உண்டு. சாலையும் தண்ணீரும் கழிவுநீர் நிலையமும் பொது என்றால் இரண்டு கட்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று நாம் எழுத்தில் கேட்க வேண்டும்.

தூசி, சத்தம், பாறை உடைப்பு?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ரிக் வண்டி இரவில் ஓடினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். லாரி வழியில் தண்ணீர் தெளிப்பதும், எம்-சாண்ட் லாரிகளைத் தார்ப்பாய் மூடிக் கொண்டுவருவதும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல, கண்டிப்பாகக் கேளுங்கள்.

பாறைக்கு வெடி வைப்பார்களா என்பதுதான் முக்கியம். பள்ளத்தை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்கள் சுவர், தரை, மதில், தொட்டி எல்லாவற்றையும் இப்போதே தேதியுடன் படம் எடுத்துவையுங்கள். இருக்கும் விரிசலையும் மறைக்காமல் எடுங்கள். பழைய விரிசல் எது, புதியது எது என்று காட்ட வேறு வழியில்லை.

வேலைக்கு வெளி மாநிலத்தார் நூற்றுக்கணக்கில் வந்து தங்குவார்களே, பயமாக இருக்காதா?

நம் வீடுகளைக் கட்டியதும் அவர்கள்தான். அஞ்ச வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: தகரக் கொட்டகையில் கழிப்பறை இல்லாமல், நல்ல தண்ணீர் இல்லாமல் குடும்பங்களை அடைத்துவைப்பது. தங்குமிடம், குடிநீர், சமையலிடம், கழிப்பறை ஆகியவற்றை நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். கழிப்பறை இல்லாவிட்டால் அவர்கள் பள்ளத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும், அந்த அவமானம் நம் எல்லோருக்கும் உரியது. கொட்டகை எங்கே, எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று நம் கோரிக்கைக் கடிதத்தில் சேர்த்திருக்கிறோம். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க உதவ முன்வருவோர் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம்.

காட்டை அழித்தால் பாம்பு வீட்டுக்குள் வருமே?

முதல் சில வாரங்கள் வரும். அடிக்காமல் தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள். வாசலில் விறகும் செங்கல்லும் குவித்து வைக்காதீர்கள்.

நம் வீட்டின் விலை குறையுமா?

சென்ட் விலை ஏறலாம், வாடகை கொஞ்ச நாள் இறங்கலாம். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு விலையே இல்லை. மேலே சொன்னவற்றில் கவனம் வைத்தால் போதும்.

பக்கத்துக் கோழிப்பண்ணையை அவர்கள் மூடச் சொல்லிப் புகார் கொடுத்தால் நாமும் சேர்ந்துகொள்ளலாமா?

என் பதில் வேண்டாம் என்பதே. பண்ணைக்காரர் நமக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார். நாற்றமும் ஈயும் தொல்லைதான், மறுக்கவில்லை. எருவை உடனுக்குடன் அள்ளுவதும் செத்த கோழியைக் குழியில் போட்டு மூடுவதும் அவர் கடமை. போன ஆண்டு நேரில் போய்ப் பேசியபின் நிலைமை எவ்வளவோ சரியானது. பிழைப்பு நடத்துகிறவரைப் பிந்தி வந்தவர்கள் விரட்டினால், நாளை பள்ளத்துக்காக நாம் பேசும்போது ஊரில் ஒருவரும் நம்மோடு நிற்க மாட்டார்கள். விசைத்தறிச் சத்தம் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் இதே பதில்.

தம்பிக்கு அக்கரையில் ஒரு வீடு பதிவு செய்ய நினைக்கிறேன். செய்யலாமா?

தாராளமாக. ரெரா பதிவு எண் வந்தபின் செய்யுங்கள். அதற்கு முன் விளம்பரம் செய்வதோ முன்பணம் வாங்குவதோ கூடாது. ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதம் அந்தக் கட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். ரெரா தளத்தில் வரைபடத்தை இறக்கிப் பார்க்கும்போது பள்ளத்தின் மேல் விழும் மனைகள் எவை என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

எங்கே முறையிடுவது?

வரைபட மீறல் என்றால் அந்த வரைபடத்துக்கு அனுமதி தந்த திட்ட அலுவலகம். ஒப்பந்தம், பொதுச் சொத்து, விளம்பரம் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். கழிவுநீர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீர்வழி ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியர், பிறகு திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். எதுவும் நடக்காவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. எந்தக் கோப்பையும் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனு சங்கத்தின் பெயரில் போவது நல்லது. நம் சங்கம் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. ஒரு மனுவில் ஒரு விஷயம், புல எண், படம், கேட்கும் தீர்வு, பெற்றுக்கொண்டதற்கான ரசீது. வாட்ஸ்அப் குழுவில் எழுதும் கோபம் எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஊர்க்காரர்கள் நம்மோடு சேருவார்களா?

பள்ளத்துக்கும் குட்டைக்கும் இட்டேரிக்கும் நிச்சயமாகச் சேருவார்கள். நம் கேட்டுக்காகச் சேர மாட்டார்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அங்கே பேசலாம். நம்மில் பலர் பெயரை இன்னும் பழைய ஊரிலேயே வைத்திருக்கிறோம். முதலில் பெயரை இங்கே மாற்றுங்கள். பள்ளத்தின் முழு அகலத்துக்குப் பாலம், புதிய கட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து என்ற விளக்கம், வண்டிப்பாதை அளவீடு ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதித் தயாராக வைத்திருக்கிறோம். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே காட்டிப் பேச வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குட்டைக் கரையில் கூடுகிறோம். பள்ளத்தில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், முள் இருக்கிறது, செருப்புக்குப் பதில் ஷூ போட்டு வாருங்கள்.